விளக்குமாற்றை வாங்கிய கை

எங்கள் உப அதிபரை நினைத்தால், கண்டி பஸ் நிலையத்தில் தெல்தோட்டை பஸ்ஸின் ஜன்னலோரத்தில், ஒரு கையில் மீன் அடைத்த மாலு பாணும் மறு கையில் விரித்த புத்தகமுமாக அவர் உட்கார்ந்திருந்த காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் பாடசாலைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன வாசிக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். மலக்குழி ஒன்றைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படம். அடியில் கறுப்பாக ஒரு படிவு, நடுவில் கலங்கல் நீர், மேலே மிதப்பது என்னவென்று அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தார்கள். அவர் பாணைக் கடித்து மென்றபடி அந்த அம்புக்குறியை விரலால் தொட்டார். "மேல மிதக்கிறத வெளிய விடக்கூடாதாம் டீச்சர். அதுக்குத்தான் இந்தக் குழாய் இப்படி வளைஞ்சிருக்கு" என்றார். காலையில் சாப்பிட்ட இடியப்பம் எனக்குத் தொண்டைவரை வந்து நின்றது. இந்த மனுசிக்கு அருவருப்பு என்ற ஒன்றே கிடையாதோ என்று நினைத்தேன். எனக்கு அது நிறைய உண்டு. இதை எழுத உட்கார்ந்திருப்பதும் அதனால்தான்.

எங்கள் பாடசாலை தெல்தோட்டைக்கு மேலே, தேயிலை மலையின் சரிவில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முந்திய கதை இது. நான் அங்கே வரலாறு படிப்பித்தேன். பெண் பிள்ளைகளுக்கான மலசலகூடங்களுக்குக் கதவு கிடையாது. ஒன்றில் மட்டும் சாக்கு தொங்கியது. குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. மழை பெய்தால் குழி நிரம்பி, ஆறாம் வகுப்புக் கட்டடத்தின் பின்பக்கமாக ஓடும். ஜன்னலை மூடிவிட்டுத்தான் அங்கே பாடம் நடக்கும். பெரிய பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மாதத்தில் சில நாட்கள் வரவே மாட்டார்கள். ஆசிரியைகளாகிய நாங்களும் கண்டிக்குத் திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருந்தோம். பஸ் கலஹாவைத் தாண்டி வளைவுகளில் குலுங்கும்போது அடிவயிறு வெடித்துவிடும் போலிருக்கும். சிறுநீர்த் தொற்றுக்கு எங்களில் மருந்து எடுக்காதவர் இல்லை. அதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அப்படிச் சிரித்தது இப்போது நினைக்கக் கசக்கிறது.

அப்போதைய அதிபர் வாசிக்காதவர் என்று சொன்னால் பொய். நிறைய வாசித்தார். தலைமைத்துவம் பற்றிய புத்தகம் எது வந்தாலும் வாங்குவார், சிவப்புப் பேனாவால் கோடிடுவார், காலைக் கூட்டத்தில் அதிலிருந்து இரண்டு வரியாவது சொல்லாமல் விடமாட்டார். வாசிப்பு மாதம் வந்தால் அவருடைய பேச்சைக் கேட்க மற்றப் பாடசாலைகளிலிருந்தும் அழைப்பு வரும். எந்தப் பயிற்சிநெறியையும் தவறவிட்டதில்லை; சான்றிதழ்கள் கந்தோர்ச் சுவரில் ஜன்னல்வரை போயிருந்தன. மலசலகூடத்தைப் பற்றி நாங்கள் பேச்செடுத்தால், "அது பௌதிக வளம் டீச்சர். நாங்க மனித வளத்தப் பத்தி யோசிக்கணும்" என்பார். அவர் வாசித்ததெல்லாம் மேடையில் ஏறத்தான் பயன்பட்டது. கந்தோரிலிருந்து ஐம்பது அடி நடந்துபோய் எதையும் பார்க்க அது அவரைத் தூண்டவில்லை.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது வரும்போது மட்டும் அந்த இடம் கழுவப்படும். அதற்கு அதிபர் எப்போதும் ஒரே பிள்ளையைத்தான் கூப்பிடுவார். ஒன்பதாம் வகுப்புப் பெண். அப்பா தெருக்கூட்டும் வேலை செய்தார். சாதி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வேறு எந்தப் பிள்ளையும் அழைக்கப்படவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை உப அதிபர் அதைப் பார்த்துவிட்டார்; நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பிள்ளை கையில் ஈர்க்கு விளக்குமாற்றுடன் மலசலகூட வாசலில் நின்றாள். வெள்ளைச் சீருடையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். அதிபர் தள்ளி நின்று, எந்த மூலையிலிருந்து தொடங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சேர், இந்தப் பிள்ளைய ஏன் கூப்பிட்டீங்க?"

"திங்கக்கெழம வலயத்திலருந்து வாறாங்க டீச்சர். சும்மா கொஞ்சம் கழுவிவிடத்தான். அவங்க வீட்டு ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்றார் அதிபர். அவர் குரலில் கடுமை இல்லை, அன்பாகவே சொன்னார். அந்த அன்புதான் எனக்குக் குமட்டியது.

உப அதிபர் விளக்குமாற்றைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கினார். "நீ கிளாசுக்குப் போ மகள்" என்றார். பிறகு அதிபரைப் பார்த்து, "எனக்கும் பழகட்டும் சேர்" என்று சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே தேய்க்கும் சத்தமும் வாளித் தண்ணீரை வீசும் சத்தமும் கேட்டன. அதிபர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு கந்தோருக்குப் போய்விட்டார்.

உப அதிபர் பிறவித் தலைவர் என்று நான் சொல்லமாட்டேன். தொடக்கத்தில் அவருக்கு ஆட்களை நடத்தத் தெரியவில்லை. அடுத்த வாரமே, ஆசிரியர்கள் எல்லாரும் முறை வைத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து கழுவவேண்டும் என்று அறிவித்தார். யாரிடமும் கேட்கவில்லை, கட்டளை போட்டார். ஆசிரியர் அறை கொதித்தது. "நாங்க யுனிவர்சிட்டிக்குப் போனது கக்கூஸ் கழுவவா?" என்று விஞ்ஞான ஆசிரியர் கத்தினார். கிருமிகளைப் பற்றிப் படிப்பிக்கிறவர். "வெளிய தெரிஞ்சா எங்களயும் அந்த ஆளுங்களோட சேத்துத்தான் பேசுவாங்க" என்றார் இன்னொருவர். அந்த வார்த்தை அறையில் எவருக்கும் உறுத்தவில்லை. தேநீரை உறிஞ்சுவதுபோல அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். அதிபர் புன்னகையோடு, இதைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்றார். கடைசியில் உப அதிபரோடு போனது நாங்கள் மூன்று பேர்தான். முதல் நாள் நான் வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தேன். அவர் என் முதுகைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கழுவி மாளாது, குழியைத்தான் மாற்றவேண்டும் என்று அவருக்கு விரைவிலேயே விளங்கியது. பஸ்ஸில் நான் பார்த்த புத்தகம் அப்போது வந்ததுதான். அதைப் பார்த்து, பெற்றோர் சிலரைக் கூட்டிப் புதுக் குழி வெட்டுவித்தார். ஆனால் அது சமதரைக்கும் காய்ந்த மண்ணுக்கும் எழுதப்பட்ட புத்தகம். எங்கள் மலையில் ஐப்பசி மழை பிடித்ததும் குழியின் கீழ்ப்பக்கத்தால் மலநீர் கசிந்து, வாணி விழா அன்று காலை, பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளைகள் ஏறிவரும் படிக்கட்டிலேயே இறங்கியது. பூவும் பொங்கலும் சாம்பிராணியும் மணக்கவேண்டிய இடத்தில் அந்த நாற்றம். அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அனுபவம் இல்லாம அவசரப்பட்டுத் தலைமைத்துவம் எடுத்தா இப்படித்தான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. பிள்ளைகளின் செருப்புகளில் மலம் ஒட்டியிருந்தபோது ஒரு அதிபர் மகிழ்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் உப அதிபர் எழுந்து நின்றார். "பிழை என்னோடது. ஒரு புத்தகத்த வாசிச்சிட்டு எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டேன். எங்க மண்ணப் பத்தி வாசிக்கல்ல. உங்ககிட்டயும் கேக்கல்ல. உங்களுக்குக் கட்டள மட்டும்தான் போட்டேன். இனி அப்படிச் செய்யமாட்டேன். தெரியாதத சேந்து படிப்போம், விருப்பம் உள்ளவங்க புதன்கிழம நில்லுங்க" என்றார். அந்த அறையில் அதற்கு முன் யாரும் தன் பிழையைச் சொல்லிக் கேட்டதில்லை.

முதல் புதன்கிழமை நாங்கள் மூன்று பேர்தான். பிறகு புவியியல் ஆசிரியர் வந்தார். அவரிடம் உப அதிபர் மண்ணைப் பற்றிய அத்தியாயத்தைக் கொடுத்தார். கணித ஆசிரியை கொள்ளளவு பார்த்தார். என்னிடம் குடற்புழுக்களைப் பற்றியது வந்தது. கொக்கிப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதைப் படத்தோடு வாசித்துவிட்டு அன்றிரவு என்னால் சாப்பிட முடியவில்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் செருப்பில்லாத கால்களை எண்ணிப் பார்த்தேன். கடைசியில் விஞ்ஞான ஆசிரியரும் வந்து கதவருகில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். உப அதிபர் அவரைப் பார்த்து, "நல்ல நேரம் வந்தீங்க சேர், இந்தப் பக்டீரியா எங்களுக்கு விளங்கல்ல" என்றார். அன்றைக்கு முழுவதும் விஞ்ஞான ஆசிரியர்தான் பேசினார். மலைநாட்டுக்கு ஏற்ற குழியைப் பற்றிய நல்ல கைநூல் ஒன்று சிங்களத்தில்தான் இருந்தது. உப அதிபருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டத் தொடங்கினார். பஸ்ஸில் கடைப் பலகைகளைச் சத்தமாக வாசிப்பார், பிழையென்றால் கண்டக்டர் திருத்துவார்.

அடுத்த வருடம் புதிய மலசலகூடங்கள் எழும்பின. பெற்றோர் வந்து குழி வெட்டினார்கள், தோட்டத்து ஊற்றிலிருந்து குழாய் வந்தது, கதவுகளுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. முறை வைத்துக் கழுவுவதும் பழக்கமாகிவிட்டது. நான் மறக்காத காட்சி, தண்ணீர்க் குழாயடியில் பெண் பிள்ளைகள் வரிசையாக நின்று வயிறு முட்டக் குடித்ததுதான்.

திறப்பு விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது உப அதிபருக்கு ஹேவாஹெட்டப் பக்கம் இடமாற்றம் வந்தது. யாருடைய வேலை என்று எங்களுக்குத் தெரியும். அதிபர் ரிப்பன் வெட்டினார். அழைப்பிதழில் உப அதிபரின் பெயர் இருக்கவில்லை.

இப்போது நான் திகனப் பக்கம் ஒரு சிறிய பாடசாலைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். போன மாதம் கண்டியில், வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் அதிபர்களுக்கு ஒரு நாள் செயலமர்வு வைத்தார்கள். வாசிப்பால் தலைமைத்துவத்தை வளர்ப்பது என்பது தலைப்பு. பயிற்சி தரும் வளவாளராக மேடை ஏறியவர் எங்கள் பழைய அதிபர். ஓய்வு பெற்றபின் இன்னும் சிவந்திருந்தார், கோட் போட்டிருந்தார். எங்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்த பையில் அவர் எழுதிய புத்தகம் இருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் புரட்டினேன். நடுவில் எங்கள் மலசலகூடங்களின் படம். எதிர்ப்பக்கத்தில் அந்த வெள்ளிக்கிழமை.

பிள்ளையின் கையில் விளக்குமாற்றைக் கண்டதும் தன் உள்ளம் உடைந்ததாகவும், ஓடிப்போய் அதைத் தானே வாங்கிக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். வாசித்த புத்தகங்களெல்லாம் அந்தக் கணத்தில் தன் கைக்கு வந்தனவாம். அதைவிடக் கேவலமான ஒன்றும் அதில் இருந்தது. பிள்ளையின் முழுப் பெயரையும் ஊரையும் அப்பாவின் தொழிலையும் போட்டு, பழைய வகுப்புப் படமொன்றிலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி அச்சடித்திருந்தார். புத்தகத்தைப் பிடித்திருந்த என் விரல்களை எங்கே துடைப்பது என்று தெரியவில்லை.

தேநீர் இடைவேளையில் அவரிடம் போனேன். கட்லட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், வெளக்குமாத்த வாங்கினது நீங்க இல்லியே. நான் அங்கதான நின்னேன்."

அவர் திடுக்கிடவில்லை. "ஓ, நீங்களா டீச்சர்! எப்படி இருக்கீங்க?" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "ஒரு நிறுவனத்தில யாரு செஞ்சாலும் அது தலைவர் செஞ்சதுதான். வாசிக்கிறவங்களுக்குப் பாடம்தான முக்கியம்" என்றார். உதட்டோரத்தில் ஒட்டியிருந்த கட்லட் தூளை நாக்கால் எடுத்துக்கொண்டார்.

பின்னேரம் கருத்துக் கேட்டபோது எழுந்து நடந்ததைச் சொன்னேன். பாதிக்கு மேல் விடவில்லை. "தனிப்பட்ட விசயங்கள் வேணாம் டீச்சர், நேரம் போகுது" என்று ஒரு அதிகாரி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். மண்டபத்தில் இருந்த எல்லாரும் பிள்ளைகளுக்கு நேர்மையைப் படிப்பிக்கிறவர்கள். சிலர் தொலைபேசியைப் பார்த்தார்கள், சிலர் நான் ஏதோ அசிங்கம் செய்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார்கள். முடிந்து போகும்போது, ஹேவாஹெட்டவில் புதிதாகப் பொறுப்பெடுத்த ஓர் இளம் அதிபர் மட்டும் பக்கத்தில் வந்து, "அந்த உப அதிபர் டீச்சர் இப்ப எங்க இருக்காங்க? பாக்கணும்" என்றார்.

அவர் கண்டியிலேயே, கட்டுக்கலையில் ஒரு மாடி வீட்டில் இருந்தார். நாங்கள் இருவரும் போனபோது தையல் இயந்திரம் ஒன்றைக் கழற்றிப் போட்டு, பக்கத்தில் அதன் கைநூலை விரித்து வைத்திருந்தார். எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி அந்த அத்தியாயத்தை மெதுவாக வாசித்தார். தன்னை அதிபர் அழித்துவிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்துக்கு வந்ததும் நின்றார்.

"பேரப் போட்டிருக்காரே. அந்தப் பிள்ளகிட்டக் கேட்டாராமா?"

அவர் முகம் சுளித்தது. குழிக்குள் கை விட்டபோதும் அப்படிச் சுளிக்காத முகம்.

அவரிடம் அந்தப் பிள்ளையின் தொலைபேசி எண் இருந்தது. இப்போது அவள் கண்டியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். உப அதிபர் எங்களுக்கும் கேட்கும்படி அழைத்துப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும், "தெரியும் டீச்சர்" என்றாள். "எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அண்ணன் அந்த மீட்டிங்குக்கு வந்தவராம். புத்தகம் இங்க சுத்தி வந்திருச்சி. எல்லாரும் ரொம்பப் பாசமாப் பேசுறாங்க. அன்னையிலருந்து எனக்கு டீ மட்டும் தனிக் கப்புல வருது."

உப அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் நாளைக்கு அங்க வாறேன் மகள்" என்றார்.

"வேணாம் டீச்சர். நேத்து அந்தக் கப்பக் குப்பையில போட்டுட்டேன். எல்லாரும் குடிக்கிறதுல ஒண்ண எடுத்து நானே ஊத்திக் குடிச்சேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல்ல. இங்க நான் பாத்துக்கிறேன். அந்தப் புத்தகம் மட்டும் இன்னும் நாலு பேர் கைக்குப் போகாம இருந்தாப் போதும்."

பழைய அதிபரோடு அங்கிருந்தே தொலைபேசியில் பேசினோம். அச்சடித்தாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். இப்போதைக்குப் பெயரை மட்டும் மறைத்துத் தருவதாக, ஏதோ கொடை வழங்குவதுபோலச் சொன்னார்.

அவருடைய அடுத்த நிகழ்ச்சி போன சனிக்கிழமை கம்பளையில் நடந்தது. உப அதிபரும் அந்த இளம் அதிபரும் நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். மேடையிலிருந்து எங்களைக் கண்டதும் அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது, உடனே சரிசெய்துகொண்டார். "என்னோட பாடசாலையில உப அதிபரா இருந்த டீச்சரும் இன்னைக்கு வந்திருக்காங்க. ஒரு பெரிய கைதட்டல் குடுங்க" என்றார். மண்டபம் கைதட்டியது.

உப அதிபர் வாசலில் எடுத்துவந்து மடியில் வைத்திருந்த புத்தகத்தைத் திறந்தார். பெயரின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். பசை காயாமல் பிசுபிசுத்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது பெயர் அப்படியே தெரிந்தது. ஊரும் அப்பாவின் தொழிலும் முகமும் மூடப்படாமலே இருந்தன.

அவர் எழுந்தார். வணக்கம் சொல்ல எழுந்ததாக நினைத்து எல்லாரும் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவர் நேரே வாசலுக்கு நடந்தார். அங்கே மேசையில், பங்குபற்றியவர்களுக்குக் கொடுக்கப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே இருந்ததை எடுத்து, பிள்ளையின் முகம் இருந்த தாளை மட்டும் தைப்போடு ஒட்டக் கிழித்தார். புத்தகத்தைப் பக்குவமாக ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கைதட்டல் மெல்ல மெல்ல நின்றது. "டீச்சர், என்ன இது?" என்று ஒலிவாங்கியில் குரல் வந்தது. அவர் அடுத்த தாளைக் கிழித்தார்.

நானும் அந்த இளம் அதிபரும் எழுந்துபோய் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்தோம்.